குஞ்சு ஷெட்டும் கக்குவான் ஊசியும்

மெல்போர்னில் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி தேடிப் போகவேண்டியதில்லை. மருந்துக்கடையில், ஷாம்பு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு திரையை இழுத்துவிட்டுப் போட்டுவிடுகிறார்கள். நிறைமாதமாவதற்குள் கக்குவான் இருமல் பூஸ்டர் போட நான் போனபோது, எனக்கு முன்னால் நின்றவர்கள் ரொட்டி வாங்க வந்தவர்கள்போல நின்றார்கள். ஊசி போட்ட பெண், “குழந்தையைத் தூக்க ஊரிலிருந்து யார் வருகிறார்கள்?” என்றாள். அப்பா அம்மா என்றேன். “அவர்களும் பூஸ்டர் போடவேண்டும். வருவதற்கு இரண்டு வாரம் முன்பே.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகிழ்ச்சியில் சிரிக்கிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

நாமக்கல் பக்கத்தில் அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. கொரோனா காலத்தில் எங்கள் ஊர் முதல் ஊசியைப் பயந்துகொண்டு போட்டது, இரண்டாவதைச் சான்றிதழுக்காகப் போட்டது. மூன்றாவது எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. போட்டால் நெஞ்சுவலி வரும் என்று டீக்கடையில் முடிவானது. சுகாதார நிலையத்திலிருந்து பூஸ்டர் போட வந்த அன்று அப்பா பண்ணைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போய் என்ன செய்தார் என்றால், கோழிகளுக்குப் பூஸ்டர் கொடுத்தார். குஞ்சாக இருக்கும்போது கண்ணில் விட்ட சொட்டுமருந்தை, பிறகு தண்ணீரில் கலந்து மறுபடியும் கொடுப்பார்கள். “ஒருக்காக் குடுத்தது மறந்துபோயிரும். மறுக்கா ஞாபகப்படுத்தோணும்” என்று வேலையாட்களுக்குச் சொல்வார். கோழிக்கு மறதி உண்டு, தனக்குக் கிடையாது என்பது அவர் நம்பிக்கை.

ஆகவே பூஸ்டர் போடச் சொன்னால் போனில் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும்.

“இந்த வயசுல எனக்கெதுக்கு அம்மிணி கக்குவான் ஊசி? அது கொழந்தைக்கு வாரதாச்சே.”

“அதுக்குத்தானுங்கப்பா. உங்ககிட்ட இருந்து அதுக்கு வந்துரக்கூடாதில்லீங்.”

“நாம் பெத்த புள்ளைங்களுக்கெல்லாம் நானு ஊசி போட்டுக்கிட்டா தூக்குனேன்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “குஞ்சு எறங்குன ஷெட்டுக்குள்ள அடுத்த பண்ணைக்காரர உடுவீங்ளாப்பா?”

புதுக் குஞ்சுக்கு நோய் ஒட்டிவிடும் என்று வெளியாள் யாரையும் அவர் உள்ளே விடமாட்டார். போன் கட்டானது. கோபத்தில் வராமலே இருந்துவிடுவாரோ என்று சில நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அம்மா கூப்பிட்டாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டாராம். “கொழந்தை எங்கீங்க?” என்று டாக்டர் தேடினாராம்.

குழந்தை அவசரப்பட்டு முன்னாலேயே பிறந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இருவரும் ஓடி வந்தார்கள். அம்மா நான் சொன்ன உடனேயே ஊசி போட்டிருந்தாள், நேரே தொட்டிலுக்குப் போனாள். அப்பா செருப்பைத் தெருவாசலிலேயே விட்டார், குளித்தார், உடுப்பு மாற்றினார், அறைக்கு வெளியே நின்றுவிட்டார். “மருந்து இன்னும் புடிச்சிருக்காது. நாளாவட்டும்” என்றார். வீட்டுக்கு வந்த நர்ஸ், முகக்கவசம் போட்டுக்கொண்டு தூக்கலாம் என்றாள். அப்பா தலையாட்டி மறுத்தார். தாத்தா குழந்தையைத் தொடக்கூடாது என்பது எங்கள் குல வழக்கம் என்று அவள் புரிந்துகொண்டாள். “உங்கள் பண்பாட்டை மதிக்கிறேன்” என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். கோழிப்பண்ணை வழக்கம் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

இத்தனை கடல் தாண்டி வந்தவர் இப்படி நிற்பது எனக்குத் தாங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அறை வாசலின் நடுவே தரையில் உட்கார்ந்தேன். ஒரு கால் தொட்டில் பக்கம், ஒரு கால் அப்பா பக்கம்.

“உள்ள தள்ளி உக்காரு அம்மிணி” என்றார்.

நான் நகரவில்லை. அவர்தான் இன்னும் ஓரடி பின்னால் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.