சீலை உடுத்துக் கொடுத்த அளவு

கண்டாவளைப் பக்கத்தில் விடியக்காலை ஐந்து மணிக்கு நாய்கள் குரைக்காமல் விடுகிற ஒரே வாகனம் ஜெகதீஸ்வரியின் ஸ்கூட்டிதான். பதினொரு வீடுகளில் கறந்த பாலை வாங்கி, கால் வைக்கும் தட்டில் நிறுத்திய பெரிய பால் கானில் ஊற்றி, பால் கூட்டுறவுச் சங்கத்தின் சேகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அவளுடைய வேலை. வேலை என்று சொல்வது நம்முடைய வசதிக்குத்தான். அவளைக் கேட்டால், அது தன் பதினொரு வீட்டுச் சுற்று என்பாள். எந்த வீட்டுப் பசு எத்தனை மாதச் சினை, எந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போது சோதினை, யாருக்கு யாரோடு கதை பேச்சில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாலோடு சேர்த்து ஊர்ப் புதினமும் அந்தக் கானில்தான் போகிறது என்று பலரும் சொல்வார்கள். அதில் பொய்யில்லை.

ஐம்பத்து மூன்று வயது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்த ஊரில் அவளைவிட உயரமாக நிற்பவை கோயில் மணிக்கூண்டும் தென்னைகளும்தான். கலியாணப் படத்தில்கூட மாப்பிள்ளையை ஒரு பலகையில் ஏற்றித்தான் நிற்க வைத்தார்கள். அந்த மனிசன் இப்போது இல்லை. படம் மட்டும் முன் அறையில் தொங்குகிறது, பலகையும் கொஞ்சம் தெரிகிறது.

முப்பது வருடம் அவள் சைக்கிளில்தான் பால் எடுத்தாள். முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியபோது, வவுனியாவில் தாதியாக இருக்கும் மகள் வினோஜா தன் ஸ்கூட்டியை அம்மாவுக்குக் கொடுத்தாள். நல்ல ஸ்கூட்டி. ஆனால் வினோஜா தகப்பனைப் போலக் கட்டை. அவளுக்கு அளவாக இருந்த வண்டியில் ஜெகதீஸ்வரி ஏறினால், முழங்கால் இரண்டும் கானுக்கு இரண்டு பக்கமும் அகன்று ஹாண்டிலில் இடிக்கும். அதைப் பிடிக்க அவள் கூனிக் குனிய வேண்டும். ஐந்தாவது வீட்டுக்கு வரும்போது விரல்கள் விறைத்துவிடும். பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்று கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அதனால் இரண்டு வீட்டுக்கு ஒருமுறை இறங்கி, கோழி செட்டை அடிப்பது போலக் கையிரண்டையும் உதறிவிட்டுத்தான் திரும்ப ஏறுவாள். உதறி உதறியே நேரம் போகும்.

பாலேற்ற வரும் பவுசர் லொறி ஆறே முக்காலுக்குப் புறப்பட்டுவிடும். சித்திரை மாதத்தில் இரண்டு தரம் ஜெகதீஸ்வரி அதைத் தவறவிட்டாள். இரண்டு தரமும் பதினொரு வீட்டுப் பாலும் தயிரானது. ஒழுங்கை முழுக்க மூன்று நாள் தயிர்ச் சோறு, மோர், மோர்க்குழம்பு. பிள்ளைகளுக்குத் தயிர் என்ற சொல்லே வெறுத்துப்போனது.

இரண்டாம் தரம் தவறிய அந்தக் கிழமைதான் சங்கத் தலைவர் யோகநாதன் அவள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதை. பவுசர்க்காரன் உனக்காக நிக்கமாட்டான். உது ஆக்களின்ரை பால்."

"ஓமண்ணை, எனக்கும் விளங்குது."

"ஓட்டோக்காரப் பெடியன் மதுசன்ரை வண்டி காலமை சும்மாதானே நிக்குது. மாதம் முடியுமட்டும் பாப்பம். நேரத்துக்கு வந்தியெண்டா நீயே செய். இல்லையெண்டா அவனிட்டைக் குடுப்பம்."

மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. அவர் போன பிறகு ஜெகதீஸ்வரி குசினிக்குள் போய் இருந்து அழுதாள். வெங்காயம் ஒன்றும் உரிக்கவில்லை. சுற்று போய்விட்டால் விடியக்காலை ஐந்து மணிக்கு எழும்பி என்ன செய்வது என்று நினைத்துத்தான் அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவியதும், பரந்தன் சந்தியில் றிபாஸின் கராஜ் நினைவுக்கு வந்தது. றிபாஸ் முல்லைத்தீவுக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். புத்தளத்தில் தொழில் பழகி ஊர் திரும்பியவன். கிழமை நாட்களில் கராஜின் பின்னறையிலேயே தங்கிக்கொள்வான். ஸ்கூட்டிக்கு ஹாண்டில் மாற்றித் தருவான் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

இங்கேதான் நம்முடைய ஜெகதீஸ்வரி பிழை விட்டாள். வன்னியில் வேறு எந்தப் பெண்ணும் இதே பிழையைத்தான் விட்டிருப்பாள் என்பதால், நான் அவளைக் குறைசொல்லப் போவதில்லை. சந்திக்குப் போவதென்றால் சும்மா போக முடியுமா? பால் எடுக்கப் போடுகிற தொளதொள சோட்டிக் கவுனைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல சீலை உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, குதி உயர்ந்த செருப்பும் மாட்டிக்கொண்டு போனாள். கானைக் கழுவிக் கவிழ்த்து வீட்டிலேயே விட்டுவிட்டாள். வெறும் பால் கானோடு சந்திக்குப் போகிற பெண்ணை யார் கண்டது?

"அக்கா, ஓடுற மாதிரி ஏறி இருங்கோ, அளவெடுப்பம்" என்றான் றிபாஸ்.

எதிரே பஸ் தரிப்பிடத்தில் இருபது முப்பது சனம் நின்றது. ஜெகதீஸ்வரி ஏறி, காலிரண்டையும் ஒடுக்கி, முதுகை நிமிர்த்தி, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது போல இருந்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் அப்படி ஸ்கூட்டி ஓடியதில்லை.

"காலடியிலை ஏதும் சாமான் வைக்கிறனீங்களோ?"

"இடைக்கிடை... சின்னக் கான் ஒண்டு."

றிபாஸ் கெட்டிக்காரன். நிமிர்ந்திருந்த அந்தச் சீலைக்காரியின் தோளையும் கையையும் கண்ணாலேயே அளந்து, நாடாவால் வண்டியை அளந்து, ஒரு சாண் உயரமான ஹாண்டில் ஒன்றைத் தேடியெடுத்தான். பழைய ஹாண்டிலைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் மூடியை வெட்டிக் கழற்றினான். பிரேக் வயர் நீளம் காணாது என்று நீளமானதாகப் பார்த்துப் போட்டான். பின்னேரம் ஜெகதீஸ்வரி அதில் வீடு வந்தபோது ராணி மாதிரித்தான் வந்தாள். கானில்லாமல், சீலையோடு, நிமிர்ந்து இருந்தால் அந்த ஹாண்டிலைப் போலச் சுகம் வேறெங்கும் இல்லை.

அடுத்த நாள் காலை கானை வைத்து ஏறினாள். கானுக்கு இடம் விட்டு வழக்கம்போலப் பின்னுக்குத் தள்ளி இருந்தபோது, கையிரண்டும் காதுவரை உயர்ந்தன. மூன்றாவது வீட்டுச் சுதாஜினி பால் வாளியோடு வாசல் படலையடிக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, காவடி எந்தக் கோயிலுக்கு?"

"வாயைப் பொத்திக்கொண்டு பாலை ஊத்தடி."

மிச்ச எட்டு வீட்டிலும் அதே கேள்விதான் கேட்டார்கள். எல்லோரும் கூடிப் பேசி வைத்தார்களோ என்னவோ. வாய்க்கால் திருப்பத்தில் ஹாண்டிலின் வளைவு கானின் கழுத்தில் போய் முட்டியது. வண்டி திரும்ப மறுத்து, நேரே போய் ஒரு வைக்கோல் போருக்குள் மெதுவாக மூக்கை நுழைத்து நின்றது. மூடி இறுக்கமாக இருந்ததால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. தலையெல்லாம் வைக்கோலோடு அவள் போய்ச் சேர்ந்தபோது, பவுசர் ஸ்டார்ட் பண்ணியாகிவிட்டது. கடைசி நிமிடத்தில் ஏற்றினார்கள். யோகநாதன் அவள் தலையிலிருந்த வைக்கோலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த கையோடு றிபாஸுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, ஹாண்டில் பிழை."

"அளவு பிழைக்க ஏலாதக்கா. நான் வந்து பாக்கிறன்."

சொன்னபடி மறுநாள் விடியக்காலை ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். அவளுக்குப் பின்னால் வீடு வீடாக வந்தான். மூன்றாவது வீட்டடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

"அக்கா, அண்டைக்குச் சீலை உடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தவ ஆர்? அவவுக்கெல்லோ நான் ஹாண்டில் போட்டனான்!"

ஜெகதீஸ்வரிக்கு முகம் சிவந்தது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உதையோ சின்னக் கான் எண்டு சொன்னனீங்கள்?" என்று றிபாஸ் கானைக் காட்டினான்.

"சந்தி நிறையச் சனம் தம்பி. சோட்டியோடை, கானுக்கு ரெண்டு பக்கமும் காலை அகட்டி வைச்சுக்கொண்டு... எப்பிடியடாப்பா இருக்கிறது?"

"இப்ப இருங்கோ. இஞ்சை சனமில்லை."

சுதாஜினியின் முற்றத்தில், பால் நிறைந்த கானோடு, வீட்டுச் சோட்டியோடு அவள் ஏறி இருந்தாள். றிபாஸ் ஹாண்டிலையே தொட வேண்டாம் என்றான்.

"கண்ணை மூடுங்கோ. கை எங்கை நோகாமல் நிக்குமோ, அங்கை வையுங்கோ."

அவள் கண்ணை மூடினாள். கையிரண்டும் தாமாகவே கீழே இறங்கி, அகன்று, பின்னுக்கு வந்து, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. சுதாஜினி நாடாவைப் பிடிக்க, றிபாஸ் அளந்தான்.

"அக்கா, உது சைக்கிள் ஹாண்டில்" என்றான். "உங்கடை கை இன்னும் சைக்கிள்தான் ஓடுது."

முப்பது வருடம் பிடித்த பிடி. தலை மறந்தாலும் கை மறக்கவில்லை. கண்ணை மூடியிருந்தபோது தனக்கு அந்தச் சைக்கிளின் மணிகூடக் கேட்டது என்று ஜெகதீஸ்வரி பின்னால் சொன்னாள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்று நினைக்கிறேன்.

சைக்கிள் ஹாண்டில் ஸ்கூட்டியின் பாரத்தைத் தாங்காது. அதனால் றிபாஸ் கனமான குழாயை எடுத்து, அதே வளைவில் வளைத்து, ஒட்டித் தர இரண்டு நாள் கேட்டான். அந்த இரண்டு நாளும் மதுசனின் ஓட்டோதான் சுற்றுக்குப் போனது. ஆறு மணிக்கே பால் வந்து சேர்ந்தது. யோகநாதனின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கேள்விப்பட்டதும் ஜெகதீஸ்வரி கலண்டரில் மாதத்தின் மிச்ச நாட்களை எண்ணிப் பார்த்தாள். மதுசன் இறங்குவதில்லை, ஒழுங்கையில் நின்று ஹோர்ண் அடிக்கிறான், கன்று மிரண்டு கயிற்றை அறுக்கிறது என்று சுதாஜினி வந்து முறையிட்டாள். ஆனால் பவுசருக்குக் கன்றின் கவலை இல்லையே.

மூன்றாம் நாள் புது ஹாண்டில் வந்தது. அகலமாக, பின்னுக்கு வளைந்து, கானைச் சுற்றி வந்து அவள் கைக்குள் நின்றது. விடியக்காலை புறப்பட்டாள். ஐந்தாவது வீடு போனது, ஆறாவது போனது, வாய்க்கால் திருப்பத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஒன்பதாவது வீட்டில் பால் வாங்கும்போதுதான், கையை உதற மறந்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அந்த நிமிடம் அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்களுக்கெல்லாம் ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனாள். ஸ்கூட்டி வந்த இரண்டு வருடமாக, ஓடும்போது அவளால் ஹாண்டிலிலிருந்து கை எடுக்க முடிந்ததில்லை.

ஆறு மணி ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பவுசரும் இல்லை, யோகநாதனும் இல்லை. அவர் வரும்வரை படியில் காத்துக்கொண்டிருந்தாள். மாதம் முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். கடைசி நாள் காலை, யோகநாதன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, மாட்டுக் கொம்போ?"

"ஓமண்ணை, கொம்புதான்."

"சரி சரி. நீயே கொண்டு வா. மதுசனுக்கு நான் சொல்லுறன்."

ஜெகதீஸ்வரி வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

ஒரு கிழமை கழித்து வந்து காட்டுங்கோ, ஹாண்டில் நட்டு இறுக்க வேண்டும் என்று றிபாஸ் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. கிழமை எப்போதோ கடந்துவிட்டது. வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு போகலாம் என்று வண்டியைத் திருப்பினாள். பாதி வழியில் நின்றாள். பிறகு அப்படியே சந்தி நோக்கித் திருப்பினாள்.

கராஜ் வாசலில் அவள் வந்து நின்றபோது, பாடசாலைக்கும் வேலைக்கும் போகிற சனம் எதிரே தரிப்பிடத்தில் நிறைந்து நின்றது. பால் மணக்கும் சோட்டி, பழைய இறப்பர்ச் செருப்பு, காலுக்கு நடுவே பெரிய கான். றிபாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அக்கா, ஓடுற மாதிரி இருங்கோ, பாப்பம்."

"இதுதான் தம்பி, நான் ஓடுற மாதிரி" என்றாள் ஜெகதீஸ்வரி.

பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவள் காலை ஒடுக்கவில்லை.