முன்வரிசையில் ஒரு பாய்

பர்மாவில், அலோனில் எங்கள் தெருவில் என் பெயரே கப்பல்காரன் பெண்டாட்டி. "கப்பல்காரன் பெண்டாட்டி தொப்பைக்காரி, கப்பல் உடைஞ்சா பிச்சைக்காரி" என்று என் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு எரிச்சல் வந்தது வேறொன்றில். கப்பலில் வேலை செய்வதால் என் கணவருக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று தெருவே நம்பியது. அவரும் நம்பினார். அவருக்கு வேலை எஞ்சின் ரூமில், கப்பலின் அடிவயிற்றில். மாதக்கணக்கில் கடல்மேல் மிதந்தாலும் மனுஷர் பார்த்ததெல்லாம் எண்ணெய் வழியும் இரும்புச் சுவர்தான்.

அந்தத் தடவை ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து வீடு திரும்பினார். மிங்கலாடோன் விமான நிலையத்தில் எங்களைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு இந்த ஊலே?" என்றாள்.

ஊலே என்றால் பர்மியில் மாமா மாதிரி. வெற்றிலைக் கடைக்காரர் ஊலே, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர் ஊலே, மின்சாரக் கட்டணம் வாங்க வருகிறவரும் ஊலே. அந்தக் கூட்டத்தோடு பெற்ற தகப்பனையும் சேர்த்துவிட்டாள்.

முதலில் அவரும் சிரித்தார். பொம்மை கொடுத்தார், சாக்லேட் கொடுத்தார். எல்லாவற்றையும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, பர்மியில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவாள். மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை! அடம்பிடித்து அழுதிருந்தால்கூட அவருக்கு மனம் ஆறியிருக்கும்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "இவ வாயால அப்பான்னு கூப்பிடுற வரைக்கும் எனக்குக் கப்பலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றார். அடுத்த கப்பல் தயாராக இருப்பதாக ஏஜெண்டு ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பொய் சொல்வானேன்? அவர் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. புருஷன் இருந்தும் ஒற்றை ஆளாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறவளுக்குத்தான் அந்த ஆசையின் கனம் தெரியும். ஆனால் அவர் முகத்தையும் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வழி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளை ஒட்டிக்கொண்டுவிட்டால் இந்த மனுஷரால் எப்படி விட்டுவிட்டுப் போக முடியும்? அப்படித்தான் யோசித்தேன்.

தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் உண்டு. காக்கா, காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பௌர்ணமி விடுமுறைக்குத் தெருக்காரர்களைச் சேர்த்து சாவுந்தா கடற்கரைக்கு ஒரு பஸ் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கிளம்பினால் விடியும்போது கடல். பகலெல்லாம் குளியல், இருட்டியதும் திரும்பிவிடலாம். போகலாமா என்று நான் கேட்டதற்கு, "கூட்டம் குறையட்டும், அப்புறம் போவோம்" என்றார் என் கணவர். "அலை ஓய்ஞ்ச பிறகா கடலாடுறது? நாளைக்கே பேர் கொடுங்க" என்று விரட்டினேன்.

பெயர் கொடுத்ததுதான் தாமதம், மனுஷருக்கு உயிர் வந்துவிட்டது. ஒருமுறை எஞ்சின் பழுதாகி அவருடைய கப்பல் இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் நின்றதாம். மத்தியதரைக் கடல். கோடை விடுமுறை. எள் விழ இடமில்லாத கூட்டம். கூட வேலை பார்த்தவன் இவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனானாம்.

"அங்க ஒரு முறை இருக்கு புள்ள. விடியக்காலையிலே வந்து தண்ணிக்குப் பக்கத்துல குடையை நட்டு, துண்டை விரிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நிதானமா காப்பி குடிச்சுட்டு வருவாங்க. முன்வரிசையிலே இடம் பிடிச்சவன் அன்னிக்கு ராஜா."

"தண்ணி ஏறாதா?"

"ஏறுமா? நாள் பூரா பாத்தேன், குளத்துத் தண்ணி மாதிரி கெடந்துச்சு."

"நம்ம ஆத்துல ஏறி எறங்குதே?"

"அது ஆறு. நீ கடலைப் பாத்தவளா, நான் பாத்தவனா?"

அலோன் படித்துறையில் படகுகள் காலையில் சேற்றில் கிடப்பதையும் மத்தியானம் மிதப்பதையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் நான். அவரும்தான். ஆனால் அவர் இத்தாலி பார்த்தவர் ஆயிற்றே! டீக்கடையின் பெரிய துணிக்குடையை இரவல் வாங்கினார். பாய் வாங்கினார். ரொட்டியும் முட்டையும் போதும் என்றார். நான் காதில் வாங்காமல் ஒரு தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு கட்டினேன்.

விடியும் நேரத்தில் பஸ் சாவுந்தாவில் நின்றது. கடல் எங்கேயோ தூரத்தில் இருந்தது. இவ்வளவு மணலா என்று வாயைப் பிளந்தேன். எங்களுக்கு முன்பே வந்திருந்த கூட்டமெல்லாம் மேலே, தென்னைமரங்களை ஒட்டிப் பாய் விரித்திருந்தது. எங்கள் பஸ்காரர்களும் பின்னாலேயே போய் அங்கேயே உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் குடையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீரை நோக்கி நடந்தார்.

"பாத்தியா? முன்வரிசை முழுக்கக் காலி! சோம்பேறிப் பசங்க."

குடையை நட்டார், பாயை விரித்தார், நடுவில் என் தூக்குச்சட்டியை வைத்தார். நண்டு விற்கிற பெண் ஒருத்தி தலையில் தட்டோடு போனவள் நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் வரும் என்று பர்மியில் சொன்னாள். இவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். பிறகு காக்காவோடு டீ குடிக்கப் போய்விட்டார். நான் மகளை அழைத்துக்கொண்டு மேலே கடைக்குப் போய் மொஹிங்கா வாங்கிக் கொடுத்தேன். நூடுல்ஸையும் மீன்குழம்பையும் அவள் ஒவ்வொரு கரண்டியாக ஊதி ஊதித் தின்று முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கீழே ஒரே சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். கெட்டது குடி! குடை இடுப்பளவு தண்ணீரில் சாய்ந்து நின்றது. பாய் ஒரு பக்கம், என் தூக்குச்சட்டி ஒரு பக்கம் மிதந்துகொண்டிருந்தன. பௌர்ணமிக் கடல் மணலையெல்லாம் தின்றுகொண்டு மேலே வந்துவிட்டது. என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். பாயைப் பிடித்தால் சட்டி தள்ளிப் போயிற்று. சட்டியைப் பிடித்தால் குடை விழுந்தது. ஒரு அலை அவரையும் உருட்டிவிட்டது. டயர் ட்யூபோடு நின்ற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வேடிக்கை ஏது? மேலே தென்னை நிழலில் இருந்த எங்கள் தெருவே எழுந்து நின்று கைதட்டியது.

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இதற்குப் பிறகு இந்த மனுஷரை எந்தக் குழந்தை மதிக்கும் என்று மனம் நொந்துபோனேன்.

என் பக்கத்தில் நின்ற பர்மியப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அந்தக் கிறுக்கு ஊலேயைப் பாரு!" என்று மற்றவர்களுக்குக் கை நீட்டிக் காட்டினான்.

என் மகள் என் கையை உதறினாள். முகமெல்லாம் சிவந்து, அவனுக்கு நேராகப் போய் நின்று பர்மியிலேயே கத்தினாள்: "ஊலே இல்ல! அது எங்க அப்பா!"

பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்டக் கரையேறி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் அத்தனை பேர் முன்னால் அழுதிருப்போம். மகள் ஓடிப்போய் அவர் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டாள். "ஏன் அங்க வச்சீங்க? தண்ணி வரும்ல?" என்று அதட்டினாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. ட்யூபில் அவளை உட்காரவைத்து அவர் தள்ளினார். அவள் அப்பா, அப்பா என்று ஏவிக்கொண்டே இருந்தாள். காக்கா வீட்டிலிருந்து வந்த பிரியாணியை அவர் ஊட்டித்தான் தின்றாள். உப்புத் தண்ணீர் புகுந்த என் புளிச்சோற்றை நாய்கூட மோந்துவிட்டுப் போயிற்று. போகட்டும், நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த பகல்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். அவள் தலைமுடியிலிருந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர் மெல்லச் சொன்னார்:

"நல்லவேளை கூட்டிட்டு வந்தே புள்ள. இனிமே இவ என்னை மறக்க மாட்டா. நான் தைரியமா போயிட்டு வரலாம்."

மகள் ஒட்டாததால்தான் அந்த மனுஷருக்குப் போகக் கால் வரவில்லை, ஒட்டிக்கொண்டதும் வந்துவிட்டது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்திருப்பேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கொடுத்திருப்பேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. "போகாதீங்க" என்று அப்போது ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு வாய் வரவில்லை.

மறுநாள் அவர் சட்டை மாற்றிக்கொண்டு ஏஜெண்டைப் பார்க்கப் புறப்பட்டுப் போனார். மகள் வெயில் வந்த பிறகுதான் எழுந்தாள். சமையற்கட்டுக்கு வந்தாள், வாசல்வரை போனாள், திரும்ப என்னிடம் வந்தாள். அவர் ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இல்லாதிருந்தபோது ஒருநாள்கூட அவள் அவரைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

"அம்மா, அப்பா எங்க?" என்றாள்.