ஆறு அசையும் ஒரு கயிறும்

நெதர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காகத் தம்பி டச்சு படித்தான். இங்கிலீஷ் டீச்சரான நான், உதவி செய்கிறேன் என்று செல்போன் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையில் அவனை முந்தத்தான் உட்கார்ந்தேன்.

அன்றைய வார்த்தைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று பொருள். மூன்று சொற்களை ஒட்டி நீட்டியிருந்தார்கள். 'ஸீ-கன்-ஹவ்ஸ்-ஒப்-நா-மெ' என்று ஆறு அசையையும் சுத்தமாகப் பிரித்து, ஒரே அழுத்தத்தில் சொன்னேன். திரையிலிருந்த டச்சு டீச்சரம்மா உதட்டைப் பிதுக்கினார். தம்பி 'ஸீ'யை மட்டும் ஓங்கிச் சொல்லி, மிச்சத்தை லேசாக விட்டான். அந்தம்மா கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. பத்தாவதில் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி பாஸானவன் அவன்!

"எப்பட்றா?"

"கரைவலை இழுக்கற மாதிரிதான்க்கா. மொத இழுவைல பலத்தப் போடு, மிச்சம் பின்னாடியே வரும்னு நைனா சொல்வாரே."

மூத்த மகளான எனக்கு நைனா அதைச் சொன்னதே இல்லை.

சாயங்காலம் எங்கள் லைட்ஹவுஸ் குப்பம் கரையில் நைனாவும் மற்றவர்களும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நான் விறுவிறுவென்று போய், நைனாவுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கை எரிய ஒரே ஒரு இழுவை. வாய் தானாக அந்த வார்த்தையைச் சொன்னது. சரியாக வந்தது.

நைனா திரும்பினார். "இன்னாம்மா இது? பொம்பளங்க கயித்தத் தொடலாமா? வுடு."

விட்டேன். அடுத்த மாதம் பிளேன் ஏறப்போகிற தம்பியைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் நிறுத்தினார்.