நசீமாவும் கிரிஸ்டல் ஓரத்துக் கிராஃபீனும்

நசீமா போயிட்டா...

காலையில அவ அண்ணன் சேலத்துல இருந்து போன் பண்ணாரு. டயாலிசிஸ்க்கு கிளம்பிட்டு இருந்திருக்கா. செருப்பு மாட்டும்போதே சாஞ்சுட்டாளாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

இங்க நிறைய பேருக்கு அவளைத் தெரியாது. திருச்செங்கோடு பக்கம் நான் வேலை பாக்கற இன்ஜினியரிங் காலேஜ்ல, பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல, எனக்கு அடுத்த டேபிள். சேலம் டவுன்ல ஜவுளிக்கடை வச்சிருக்கற குடும்பம். கடையில உக்காரச் சொன்னதுக்கு, "துணியை விட மெல்லிசா ஒண்ணு இருக்கு, அதைப் பாக்கப் போறேன்"னு சொல்லிட்டு வந்தவ.

அந்த மெல்லிசான ஒண்ணுதான் கிராஃபீன். ஒரே ஒரு அணு தடிமன்ல கார்பன் ஷீட். பென்சில்ல இருக்கற கிராஃபைட்டை ஒட்டற டேப் போட்டு உரிச்சு உரிச்சு எடுப்போம்.

சூப்பர்கண்டக்டர்னு ஒரு வகைப் பொருள் இருக்கு. நல்லா குளிர வச்சா கரண்ட் தடையே இல்லாம ஓடும். இந்த ஒத்தை கார்பன் ஷீட் தானா அப்படி ஆகாது. ஆனா ஒரு சூப்பர்கண்டக்டர் கிரிஸ்டல் மேல நல்லா ஒட்டி வச்சா, அந்த குணம் ஷீட்டுக்குள்ளயும் கொஞ்ச தூரம் இறங்கும். அதை எங்க லேப்ல வர வைக்கணும்... அவ்வளவுதான் எங்க ரெண்டு பேரோட வேலை.

நாங்க எடுத்துகிட்டது ஹை டெம்பரேச்சர் வகை கிரிஸ்டல். பேருதான் ஹை. மைனஸ் இருநூறு டிகிரிக்குப் பக்கத்துல இறக்கணும்.

ஒரு மீட்டிங்ல, "இதெல்லாம் பெரிய பெரிய லேப்ல பண்றதும்மா, நமக்கு எதுக்கு?"ன்னு பிரின்சிபால் கேட்டாரு.

நசீமா எந்திரிச்சு, "நாம எந்த ஊர்னு கிராஃபீனுக்குத் தெரியாதுங்க சார்"னுட்டு உக்காந்துட்டா.

அவ்வளவு குளிருக்கு லிக்விட் நைட்ரஜன் வேணும், அதுக்கு என்ன பண்றது? மாட்டுக்கு சினை ஊசி போடறவங்களுக்கு அதை சப்ளை பண்ற ஒருத்தரை நாமகிரிப்பேட்டையில தேடிப் பிடிச்சா. ஒரு தடவை அவரு வண்டி ரிப்பேர். சரின்னு கேனோட பஸ் ஏறிட்டோம். மூடி ஓரத்துல லேசா புகை...

கண்டக்டர், "ஏனுங்க அம்மிணி, பால் கேன் எதுக்குங்க புகையுது?"ன்னாரு.

"பால் இல்லீங்கண்ணா, குளுந்த காத்து. ஜன்னல் மட்டும் தொறந்தே இருக்கட்டும்"னா. அவரு நம்பின மாதிரி தெரியல. ஆனா எங்களைச் சுத்தி நாலு சீட் காலி பண்ணிக் குடுத்துட்டாரு.

அப்புறம் ஒரு நாள் ரீடிங் வந்துச்சு. குளிர வைக்க வைக்க ரெசிஸ்டன்ஸ் மடமடன்னு விழுந்துச்சு. நான் குதிச்சேன். டிபார்ட்மென்ட்ல ஸ்வீட் குடுத்தாச்சு, கான்ஃபரன்ஸுக்கு எழுதி அனுப்பியாச்சு.

நசீமா மட்டும் ஸ்வீட்டை டேபிள் மேல வச்சுட்டு ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தா.

"கவிதா, கரண்ட் கிராஃபீன் வழியா போகுதா, இல்ல அடியில இருக்கற கிரிஸ்டல் வழியா குறுக்கே போயிடுதா? கிரிஸ்டலுக்குத்தான் தடையே இல்லையே..."

நான் ஸ்வீட் டப்பாவை மூடி வச்சேன்.

கிரிஸ்டலைத் தாண்டி வெளிய நீட்டிகிட்டு இருக்கற கிராஃபீன்ல மட்டும் வயர் வச்சு மறுபடி அளந்தோம். ஒண்ணுமே இல்ல... சுத்தமா ஒண்ணுமே இல்ல.

அனுப்பினதை அவளே வாபஸ் வாங்கினா. சிலர் சிரிச்சாங்க. "தப்புன்னு நாமளே கண்டுபிடிச்சோம்ல? இனி சரி பண்ண வேண்டியதுதான்"னா. அடுத்த நாள் வழக்கம்போல வந்து டேப் உரிக்க ஆரம்பிச்சுட்டா.

காத்து பட்டா அந்த கிரிஸ்டலோட மேல்பரப்பு சீக்கிரமே கெட்டுடும். அதுதான் கோளாறு. காத்தே படாத கண்ணாடிப் பெட்டிக்குள்ள கைய விட்டு ஒட்டணும். அந்தப் பெட்டி வாங்க காலேஜ்ல வழியில்ல.

போர்டு எழுதற கடையில அக்ரிலிக் ஷீட் வெட்டி அவளே பெட்டி கட்டினா. உள்ள நிரப்ப ஆர்கான் கேஸ், போர்வெல் போடற ரிக் லாரிக்கு வெல்டிங் பண்ற பட்டறையில வாங்கினா.

பட்டறைக்காரர், "என்ன வெல்டிங் பண்றீங்க சாமி?"ன்னாரு.

"ஒட்டறதுதாங்கண்ணா. ஆனா சூடு கூடாது, காத்து கூடாது, தூசி கூடாது."

"அப்ப எப்படிங்க ஒட்டும்?"

"அதைத்தான் பாத்துட்டு இருக்கோம்."

பெட்டி ஒழுகுச்சு. மறுபடி கட்டினா. மறுபடி ஒழுகுச்சு...

இதுக்கு நடுவுலதான் கிட்னி பிரச்சினை ஆரம்பிச்சு டயாலிசிஸ் வரைக்கும் போயிடுச்சு. ஊசி போட்ட கைக்கு ஓய்வு குடுன்னு டாக்டர் சொன்னாரு. இன்னொரு கையால டேப் உரிக்கப் பழகிட்டா. நான் உரிச்சுத் தரேன்னா, "நீ வேகமா உரிப்ப, கிழிஞ்சுடும்"பா. உண்மைதான்.

போன மழைக்காலத்துல பெட்டி ஒழுகாம நின்னுச்சு, நாங்க தேடின ரீடிங்கும் வந்துச்சு. கிரிஸ்டலுக்கு வெளிய, வெறும் கிராஃபீன்ல. ரெசிஸ்டன்ஸ்ல சின்ன இறக்கம்தான்... ஆனா இருந்துச்சு.

இந்த தடவை ஸ்வீட் இல்ல. வேற சாம்பிள் பண்ணி மறுபடி பாத்தா. அதுலயும் வந்துச்சு. அப்பதான் என் தோள்ல சாஞ்சு அழுதா. அவ அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பினோம். நிஜ சூப்பர்கண்டக்டிங்னா காந்தம் அதைக் குலைக்கும், அதனால காந்தப் புலத்துல வச்சு அளந்து காட்டுங்க, அப்பதான் நம்புவோம்னு பதில் வந்துச்சு. நம்ம காலேஜ்ல அவ்வளவு பெரிய மேக்னெட் இல்ல. பெங்களூர்ல ஒரு லேப்ல நாள் கேட்டு எழுதிகிட்டே இருந்தா.

போன வாரம் டயாலிசிஸ் வார்டுல போய் பாத்தேன். மெஷின் ஓடிட்டு இருக்கு, கண்ணை மூடிட்டு இருந்தா. தூங்கறான்னு நினைச்சேன்.

"அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். கோவிச்சுக்காம அளந்து குடுத்துடணும்"னா.

"குடுத்துடலாம் டி. நீ எந்திரிச்சு வா."

"நீ முதல்ல சாம்பிளை பேக் பண்ணு."

இன்னிக்கு மதியம் அவ ஊட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளைத் துணி போர்த்தி படுக்க வச்சிருந்தாங்க. அவ அம்மா என் கையைப் பிடிச்சுகிட்டு, "அவ வேலை நிக்காதுல்ல கண்ணு?"ன்னாங்க.

"நிக்காதுங்கம்மா"ன்னேன்.

பெங்களூர்ல இருந்து நேத்துதான் மெயில் வந்துச்சு. அடுத்த வாரம் மேக்னெட் தராங்களாம். அவளுக்கு இன்னிக்கு நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்...

சாம்பிள் ரெடி. டிக்கெட் போட்டாச்சு.

போயிட்டு வாரேன் நசீமா.