சத்தியம் பேசிய மேனேஜர்

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்களில் தேனியில் ஒரு பருத்தி அரவை மில்லில் நான் குமாஸ்தா. எங்கள் மேனேஜர் திங்கட்கிழமைதோறும் வேலை தொடங்குமுன் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, சத்தியத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். நடுவில் குரல் தழுதழுக்கும். அந்த நாடகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

மெஷின் பெல்ட்டை மூடியிருந்த தகரத்தைக் கழற்றச் சொன்னவர் அவர்தான். தகரம் இருந்தால் சிக்கின பஞ்சை எடுக்க நேரமாகிறதாம். பத்தாம் நாள், உத்தமபாளையத்திலிருந்து பிழைக்க வந்திருந்த ஒரு பெண்ணின் வலது கை பெல்ட்டில் போனது. அவளை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, விபத்து ரிப்போர்ட் எழுத மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எழுதுமய்யா. தகரம் இருந்துச்சு. அந்தப் பொம்பள பேசிக்கிட்டே கைய விட்டுட்டா."

"தகரத்தக் கழட்டச் சொன்னது..."

"எழுதும்."

எழுதினேன். ஃபோர்மேன், எண்ணெய் விடுகிறவர், நான், மூன்று பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பெண் மில்லுக்குத் திரும்பவே இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் அவர் சத்தியம்தான் பேசினார்.

அதற்கப்புறம் மில்லில் யாரும் உண்மை சொல்லவில்லை. எண்ணெய் விடாமலே விட்டதாகச் சொன்னார்கள். பழுதான மெஷின் நன்றாக ஓடுவதாகச் சொன்னார்கள். "இந்த ஊர்க்காரனுக அத்தன பேரும் புளுகனுக" என்று அங்கலாய்த்தார் மேனேஜர். கற்றுக்கொடுத்தது தான்தான் என்பது அந்த மண்டைக்கு எட்டவேயில்லை. கடைசியில் எண்ணெய் காணாத பேரிங் ஒன்று சூடேறித் தீப்பிடித்து, குடோனில் பாதி எரிந்தது. முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஒருத்தியின் கை போனபோது வராத கோபம் பஞ்சு போனபோது வந்தது.

புதிதாக வந்தவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. முதல் வேலையாகத் தகரத்தை மாட்டச் சொன்னார். ஒரு மழைநாளில் பஞ்சுப் பொதிகளை மூடச் சொல்ல மறந்துவிட்டார், எல்லாம் நனைந்துபோயின. மறுநாள் காலையில் அத்தனை பேர் முன்னாலும், "மூடச் சொல்லாம விட்டது நான். உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக" என்றார். முதலாளிக்கும் அப்படியே எழுதச் சொன்னார்.

அன்று மத்தியானம் எண்ணெய் விடுகிறவர் அவர் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, அங்கன தெக்கு மெஷினுக்கு ரெண்டு நாளா எண்ணெ விடல. விட்டதாச் சொன்னது பொய்."

"சரி, நிறுத்திட்டு இப்ப விட்டுருங்க."

அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இந்தச் சின்னக் காரியத்துக்குத் துப்பில்லாத அந்தப் பழைய மேனேஜரின் முன்னால் நான்கு வருஷம் கைகட்டி நின்றேனே என்று என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.