அடுத்த ஊர்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ராட்டினத்தில் ஏறிச் சுற்றியதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. அதைக் கழற்றி வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான்.

எங்கள் குடும்பத்துக்கு ராட்டினம்தான் தொழில். நான்கு தொட்டில்கள் தொங்கும் மர ராட்டினம், கையால் தள்ளிச் சுற்றுவது. அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக வைத்திருந்தார்கள். மாசியில் திருவொற்றியூர், சித்திரையில் பொன்னேரி, வைகாசியில் காஞ்சிபுரம், ஆடி பிறந்தால் பெரியபாளையம், பிறகு திருத்தணி என்று திருவிழாக்களுக்குப் பின்னாலேயே இரண்டு மாட்டு வண்டிகளில் போய்க்கொண்டிருப்போம். நானும் தங்கையும் பிறந்ததே வழியில்தான்.

குழந்தைகளைத் தொட்டிலில் ஏற்றி உட்கார வைத்துக் குறுக்குக் கட்டையை மாட்டுவது என் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நான் கையைத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரியப்பா தள்ளுவார். நான் கை தூக்காவிட்டால் ராட்டினம் நகராது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும், எந்த ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும், என் கைக்குக் காத்திருக்க வேண்டும். தங்கைக்கு வேலை எதுவும் கிடையாது. வண்டிக்கு அடியில் உட்கார்ந்து பொரி தின்பாள்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு மாசித் திருவிழா முடிந்ததும் அப்பா எங்களோடு நின்றுவிட்டார். ராயபுரத்தில் ஒரு கம்பெனியில், கப்பலுக்குப் போகும் சரக்குகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. "பிள்ளைங்க நாலு எழுத்து படிக்கட்டும்ணே" என்று பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு வண்டிகளும் ராட்டினத்தோடு வடக்கே போயின. பின்னால் வந்த வண்டியில் பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். இனி குறுக்குக் கட்டை மாட்டப்போவது அவள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வண்டி தெருமுனையில் திரும்பி மறையும் வரை அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு கிடைப்பது பெரும் பாடாக இருந்தது. ராட்டினக்காரர் என்று சொன்ன இடத்தில் எல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு வளாகத்தில், நடுவில் ஒரே குழாய், சுற்றிலும் மாடியும் கீழுமாக ஆறு குடித்தனம், அதில் ஒரு அறை கிடைத்தது. அங்கே அப்பா மரவேலைக்காரன் என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதான். வீட்டுக்கார அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்த அன்றே அப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "இந்த வீடு போச்சுன்னா வேற வீடு தரமாட்டாங்க. மறுபடி வண்டிதான். பள்ளிக்கூடமும் போச்சு. அதனால யார் வாயிலயும் விழாம இருங்க."

வீட்டில் இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் சமைத்து முடித்ததும் அம்மா பழக்கத்தில் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். வழியில் அப்படித்தான் செய்வோம், நெருப்பை விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. மண் அடுப்பு விரிசல் விட்டுவிட்டது. பக்கத்துக் குடித்தனத்து அக்கா ஓடி வந்து, "இன்னாம்மா, அடுப்புல போய் தண்ணி ஊத்திகினுகீற" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை செய்தார். ஞாயிறு காலையில் மாதா கோயில் மணி அடித்ததும் குடும்பத்தோடு பூசைக்குப் போவார்கள். அவள் பிறந்ததும் அதே தெருவில், வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில்.

தங்கையை அவள் எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தலை வாரிவிட்டாள், வறுத்த நெத்திலி கொடுத்தாள். கொஞ்ச நாளிலேயே தங்கை அவளைப் போலவே பேச ஆரம்பித்தாள். "யக்கா, தண்ணி வந்துகினுகீது, குடத்த எட்தா" என்று குழாயடியில் இருந்து கத்துவாள். குடித்தனம் மொத்தமும் அதைக் கேட்டு ரசிக்கும். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் ஒரே வகுப்பில் போட்டார்கள். அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. என் தலை மறைக்கிறது என்று என்னைக் கடைசியில் உட்கார வைத்தார்கள். அவள் முன்னால். டீச்சர் கேள்வி கேட்டால் அவள் கையைத் தூக்குவாள். டீச்சர் சிரித்துக்கொண்டே அவளைச் சொல்லச் சொல்வார். அவள் சொன்ன பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போவார்கள். பின்னால் இருந்து அந்தக் கையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். கை தூக்குவது என் வேலை. சாயங்காலம் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவரும் படிக்காதவர். அவள் தப்பாகப் படித்தாலும் தலையை ஆட்டுவார்.

இனி அந்த ஊர் விஷயம். வழியில் எங்களிடம் "எந்த ஊரு?" என்று கேட்பவர்கள் வளையல் கடைக்காரர்களும் பொம்மைக் கடைக்காரர்களும்தான். அடுத்து எந்தத் திருவிழாவுக்குப் போகிறீர்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. வந்த புதிதில் பக்கத்துக் குடித்தனத்து அக்கா கேட்டாள். பங்குனி மாதம். பொன்னேரி என்றேன். "அட, எங்க சித்தி அங்கதான் கீறா. எந்தத் தெரு?" என்றாள். தேரடி என்றேன். ராட்டினம் போடும் இடம் அதுதானே. சித்திரை முடிந்து மாடி வீட்டுக்காரி கேட்டபோது காஞ்சிபுரம் என்றேன். ஆனியில் வீட்டுக்கார அம்மாவே கேட்டாள். பெரியபாளையம் என்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத அந்த இடத்தில், பதில் தெரிந்த ஒரே கேள்வி அது. பெரியப்பாவின் வண்டிகள் எங்கே போகின்றன என்று மனசுக்குள் கணக்கு வைத்திருந்தேன். யோசிக்காமல் சொல்வேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் குழாயடியில் இருந்த நேரத்தில் வீட்டுக்கார அம்மா வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"உங்களுக்கு எத்தினி ஊருமா? இவகிட்ட பொன்னேரின்னு சொல்லிகீது உன் பெரிய பொண்ணு. மாடி வூட்டுல காஞ்சிபுரம். என்னாண்ட பெரியபாளையம். மூணு ஊருல இன்னா பண்ட்டு ஓடியாந்தீங்க? வூட்ட காலி பண்ணிடுங்க. எனக்கு இந்த பேஜாரு வாணாம்."

அப்பா எழுந்து நின்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அது எங்க ஊரு இல்லீங்கம்மா, அடுத்த ஊரு" என்றாள். பிறகு ராட்டினம், வண்டி, திருவிழா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ராட்டினமா?" என்று மாடி வீட்டுக்காரி சிரித்தாள். "அதான் இந்தப் பொண்ணு பதிலும் ஊர் ஊரா சுத்துது."

வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. என்னிடம் வந்தாள். "ஊர் ஊரா சொன்னது நீதான. இப்ப சொல்லு, அடுத்த ஊரு எது? எப்ப கெளம்பறீங்க?"

திருத்தணி. எனக்குத் தெரியும். கிருத்திகைக்கு முன்னால் போய் இடம் பிடித்தால்தான் மலையடிவாரத்தில் ராட்டினம் போட முடியும் என்பதும் தெரியும். சொல்லிவிட்டால் வீடு போய்விடும், வண்டி வரும், பெரியம்மா குறுக்குக் கட்டையை என்னிடம் கொடுத்துவிடுவாள் என்பதும் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வார்த்தையை மென்றுகொண்டு நின்றேன்.

தங்கை பக்கத்துக் குடித்தனத்து அக்காவின் மடியில் பாதித் தலை பின்னியபடி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "எங்களுக்கு அடுத்த ஊரு கெடியாது. நாங்க இங்கியேதான் கீறோம்."

"பார்ரா, எப்படி பேசுது பாரு" என்றாள் அந்த அக்கா, அவளை இழுத்து அணைத்தபடி. "இத்த போய் காலி பண்ண சொல்றியேமா. நம்ம ராயபுரத்துப் பொண்ணு இது."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை வீட்டுக்கார அம்மாவும் சிரித்துவிட்டாள். "சரி, இருங்க. ஆனா பெரியவ வாயை அடக்கி வையி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வாயே திறக்காதவளைப் பார்த்து அப்படிச் சொன்னாள். அப்பா தங்கையைத் தூக்கித் தலைக்கு மேலே சுற்றினார். தொட்டில் சுற்றுவது போல இருந்தது. அவள் ஒரு நாள்கூடக் குறுக்குக் கட்டையைத் தொட்டதில்லை. அடுத்த ஊர் கிடையாது என்று சொல்ல அவள் யார் என்றுதான் நினைத்தேன். வீடு நிலைத்தது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. தங்கை இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறாள். யாராவது எந்த ஊர் என்று கேட்டால் அவள் பட்டென்று சொல்லிவிடுகிறாள். எனக்கு இன்றும் முதலில் மாதம்தான் நினைவுக்கு வருகிறது.

மறுநாள் திங்கட்கிழமை. லேசாகத் தூறியது. நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போனோம்.