முட்டை அட்டைப் புகை

என் மனைவி என்னைத் திட்டினால் ஒரே மூச்சில் திட்டி முடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழகிப்போன சங்கதி. போன மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள், பாதித் திட்டில் நிறுத்திக் கதவைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போலச் சத்தம். மீதித் திட்டு வரவே இல்லை.

காரிமங்கலத்தில் எங்கள் வீடு ரோட்டை ஒட்டியது. எதிரி யாரென்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். முதலில் லாரிகள். அப்புறம், கேழ்வரகுக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளையே போரடிக்க விட்டுத் தூசி கிளப்புகிறவர்கள். அப்புறம், வாசல் குப்பையோடு பிளாஸ்டிக் கவரையும் கொளுத்தும் பக்கத்து வீட்டு அம்மா. அவரிடம் போய்ச் சண்டையே போட்டேன்.

"மனுசங்க மூச்சு வுடறதா வேணாமாங்க?"

அதோடு விட்டேனா, ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களை ஆணியடித்து மூடினேன்.

இத்தனை செய்த நான், பொழுது சாய்ந்தால் பின்னாலிருக்கும் மாட்டுக் கொட்டகையில் முட்டை அட்டையைக் கொளுத்தி வைப்பேன். கடையில் முட்டை அடுக்கி வருகிற அதே அட்டைதான். புகைந்துகொண்டே இருக்கும், கொசு அண்டாது. அவளையும் கொசு கடிக்கக் கூடாதென்று இன்னொன்றைப் பின்கதவுக்கு உள்ளேயும் வைப்பேன். ஜன்னல் மூடியிருந்ததால் புகை நன்றாக நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூச்சிரைப்பு கூடியதும் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"வூட்ல ஏதாச்சும் புகை போடுறீங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க மேடம். முட்டை அட்டை மட்டுந்தாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவளுக்கு ஆஸ்துமா, புகை போனால் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சளி கட்டும், காற்றுப் போகிற வழி குறுகிவிடும் என்றார். நான் விடாமல் லாரியைப் பற்றிச் சொன்னேன்.

"அதுவுங் கெடுதிதாங்க. மொதல்ல உங்க அட்டைய நிறுத்துங்க."

இன்ஹேலரை எப்படி இழுப்பதென்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆசை ஆசையாக, ஒருநாள் தவறாமல், அவள் மூச்சை அடைத்தவன் நான்தான்.

வந்ததும் ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. ஆனால் மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் கவரைக் கொளுத்துவதில்லை.

சில வாரம் கழித்து, கொட்டகைக்கு அளவெடுத்து ஒரு பெரிய கொசுவலை வாங்கி வந்து கட்டினேன். அவள் வந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏங்க, கட்டிக்கிட்டு வந்த நாளா எனக்கொரு கொசுவலை வாங்கித் தரணும்னு தோணல, மாட்டுக்கு மட்டும் அளவெடுத்து வாங்கியாந்திருக்கீங்க, அப்ப இந்த வூட்ல நான் யாருங்க, ஊருல எவனாவது இப்பிடிப் பண்ணுவானாங்க..."

ஓரிடத்தில்கூட அவள் நிறுத்தவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"இன்னுங் கொஞ்சம் திட்டு."